சட்டியில் போட முடியாத சொற்கள்

நானா,

தங்கச்சி குசினியில் வினாகிரி காய்ச்சுகிறாள். நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் அச்சாறு போட்டு முடிக்காவிட்டால் வானம் இடிந்து விழுந்துவிடும் என்று நினைக்கிற பிறவி அவள். கடுகும் வினாகிரியும் சேர்ந்து எழுப்பிய காரம் முன்னறை வரைக்கும் வந்து என் கண்ணைக் கரித்தது. "யன்னலைத் திறவடி" என்று கத்தினேன். "திறந்துதான் கிடக்கு அக்கா. நீங்கள் ஏன் அழுறீங்கள்?" என்று கேட்டாள். அழவில்லை என்றேன். பச்சைப் பொய்.

வினாகிரி என்ற சொல்லை இந்த வீட்டில் என்னால் இனிச் சும்மா கேட்க முடிவதில்லை. அந்தச் சொல்லும் இன்னும் ஐந்தாறு சொற்களும் எழுதிய ஒரு தாளை வைத்துத்தான் நீங்களும் நானும் சண்டை பிடித்தோம். சண்டை என்றால், கத்தியது நான் மட்டும்தான். நீங்கள் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனீர்கள். அதைப் பற்றி உங்களிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே காலத்தைக் கடத்திவிட்டேன். நீங்கள் மௌத்தாகி, இந்த உலகத்தை விட்டுப் போய், ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது எழுதுகிறேன், எப்போதும்போலப் பிந்தித்தான்.

நீங்கள் முதன்முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? பூமிசாத்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றபின், சும்மா இருக்கமாட்டாமல் ஒரு சஞ்சிகைக்கு மாதம் ஒரு மொழிக்குடும்பம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் பசுபிக் தீவுகளின் மொழிகள். மத்தியான வெயிலில் கேற்றடியில் ஒரு மனிதர். வெள்ளைச் சேட்டு, சாரம், கையில் சுருட்டிய சஞ்சிகை.

"இத எழுதினது ஆரு?"

"நான்தான். ஏன்?"

"நல்லா இரிக்கி டீச்சர். ஆனா ஒரு பிழ இரிக்கி."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது துறைமுக வீதி முழுக்கத் தெரிந்த விசயம். கேற்றைத் திறக்காமலே, "என்ன பிழை?" என்று கேட்டேன்.

"தொங்காக்காரன் சோறு திங்கிறான் எண்டு போட்டிரிக்கீங்க. அவன் சோறு கேக்கமாட்டான். கிழங்கு கேப்பான். கிழங்கு குடுக்காட்டி மூஞ்சிய நீட்டிக்கிட்டு இருப்பான். இருவத்தெட்டு வருசம் அவனுகளுக்கு ஆக்கிப் போட்டவன் நான்."

அப்போதுதான் கேற்றைத் திறந்தேன். உங்கள் ஊரான குறிஞ்சாக்கேணியில் இருந்து பஸ் ஏறி, ஒரு கிழங்குக்காக நியாயம் கேட்க வந்த மனிதரை வெயிலில் நிறுத்தி வைப்பது எப்படி?

சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக உலகம் சுற்றியவர் நீங்கள். அதிலும் பாதிக்காலம் பசுபிக் பக்கம். உங்கள் கப்பலில் சமோவாக்காரர், தொங்காக்காரர், பீஜிக்காரர், பீஜிக்கு வடக்கே தன்னந்தனியாகக் கிடக்கும் ரொத்துமாத் தீவுக்காரர் என்று எல்லாத் தீவுக்காரரும் இருந்தார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று விளங்காமல் சமைக்க முடியாதே! அதனால் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதினீர்கள். இன்ன பாசை, இன்ன சொல், சொன்னவர் இன்னார், அன்றைக்குச் சமைத்தது இன்னது. அடுத்த கிழமை வரும்போது அந்தக் கொப்பிகள் ஏழையும் ஒரு சீமெந்துப் பையில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். முதல் கொப்பியின் முதல் வரியில் இருந்தது பன்றிக்கான சொல். புவாக்கா. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"அதத்தான் முதல்ல படிச்சது. தெரியாம வாயில போட்டுட்டா? அல்லாஹ்வே!" என்று சொல்லிச் சிரித்தீர்கள். தங்கச்சி குசினிக்குள் இருந்து சிரித்த சத்தம் முன்னறைக்குக் கேட்டது.

அன்றைக்கே எனக்குப் புத்தக ஆசை பிடித்துவிட்டது. நியூகினிப் பக்கத்தில் தொடங்கி ஹவாய்த் தீவு வரைக்கும் பரந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான மொழிகளுக்கு ஓசியானிக் மொழிகள் என்று பெயர். எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குள் யாருக்கு யார் கூடப் பிறந்தவர், யாருக்கு யார் ஒன்றுவிட்ட உறவு என்று பிரிப்பதுதான் பெரிய வேலை. அந்தக் குடும்பத்தின் நடுவில் ஒரு கிளை. பீஜியின் பேச்சுகள் ஒருபக்கம், சமோவாவும் தொங்காவும் சேர்ந்த பொலினீசிய மொழிகள் இன்னொருபக்கம். ரொத்துமாவின் மொழி எந்தப் பக்கம்? என்னிடம் இருந்த பழைய புத்தகம் ஓரிடத்தில் இப்படியும் இன்னோரிடத்தில் அப்படியும் எழுதியிருந்தது. சரி, நாங்களே பார்த்துவிடுவோம் என்று துணிந்தேன். என் துணிவுக்கு என்றைக்கும் குறைவில்லை. அறிவுதான் சிலவேளை பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு ஓடிவரும்.

புதன்கிழமை புதன்கிழமையாக, மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வருவீர்கள். உங்கள் மருமகனின் செருப்புக் கடையில் இருந்து சப்பாத்துப் பெட்டிகள் கொண்டுவந்தோம். மொழிக்கு ஒரு பெட்டி. சொல்லுக்கு ஒரு அட்டை. நீங்கள் கொப்பியைப் பார்த்து வாசிப்பீர்கள், நான் எழுதுவேன். ஒத்த சொற்களுக்கு ஒரே நிறக் கோடு. தங்கச்சி இஞ்சித் தேத்தண்ணி தருவாள். "இஞ்சியத் தட்டிப் போடுங்க தங்கச்சி, வெட்டிப் போட்டா அது கோவிச்சுக்கிட்டுச் சாறு விடாது" என்று அவளுக்கும் பாடம் எடுத்தீர்கள். வேறு ஆள் சொல்லியிருந்தால் அவள் கேத்திலைக் கவிழ்த்திருப்பாள். உங்களுக்கு மட்டும் மறுகிழமை இஞ்சியைத் தட்டினாள்.

எட்டு மாதம் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சந்தோசமாக வேலை செய்த காலம் வேறில்லை. முப்பத்தைந்து வருடம் படிப்பித்திருக்கிறேன். ஒருவரும் நான் சொன்னதை மறித்துக் கேட்டதில்லை. நீங்கள் ஒவ்வொரு அட்டைக்கும் மறித்தீர்கள். "நில்லுங்க டீச்சர், இது ஆக்கின மீனுக்கா, ஆக்காத மீனுக்கா எண்டு நான் அவருக்கிட்டக் கேக்கல்ல. கேள்விக்குறி போடுங்க" என்பீர்கள். கேள்விக்குறி போட எனக்குப் பிடிக்காது. போட்டேன்.

கடைசியில் பெட்டிகளைப் பார்த்தால், ரொத்துமாப் பெட்டியில் பத்துக்கு எட்டு அட்டை சமோவா, தொங்காப் பெட்டிகளோடு ஒத்துப்போனது. தேங்காய்க்கும் ஒரே சொல், மீனுக்கும் ஒரே சொல், கோழிக்கும் அப்படித்தான். பிறகென்ன! ரொத்துமா மொழி பொலினீசிய வீட்டுப் பிள்ளை என்று ஒரு அத்தியாயமே எழுதினேன். எழுதும்போது பேனா தானாக ஓடியது. உங்கள் கொப்பிகள்தான் ஆதாரம். அதனால் அந்த அத்தியாயத்தின் தலைப்பிலேயே உங்கள் பெயரைப் போட்டேன். முன்பக்கத்தில் உங்கள் படம். அச்சகக்காரர் முதல் புரூஃப் அனுப்பியபோது அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தீர்கள்.

"கப்பல்ல என்ட பேர ஒருத்தனும் சொல்றதில்ல டீச்சர். குக் எண்டுதான் கூப்புடுவானுகள். இருவத்தெட்டு வருசமும் குக்."

அதை நீங்கள் மனவருத்தத்தோடு சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினீர்கள். மகள் தெருவுக்கே அனுப்பிவிட்டாள். பள்ளிவாசலில் உங்களைக் கண்டவர்கள் எல்லாம் "புத்தகம் எப்ப?" என்று கேட்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே முறைப்பாடு சொன்னீர்கள்.

அதற்கு இரண்டு கிழமை கழித்து, புதன்கிழமை அல்லாத ஒரு நாளில் வந்தீர்கள். கையில் ஒரு தாள். உங்கள் உறவுக்காரப் பெண்ணின் கலியாணச் சாப்பாட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு, அதற்கான சாமான் பட்டியல் என்று சொன்னீர்கள். கதிரையில் உட்காரவில்லை. அந்தத் தாளை என் முன்னால் வைத்தீர்கள்.

"வாசிங்க டீச்சர்."

வாசித்தேன். போஞ்சி. கோவா. வினாகிரி. பாண். தொதல். விசுக்கோத்து.

"இதெல்லாம் எங்கட சொல்லா?"

"எங்கட சொல்லுத்தான். ஏன், போஞ்சியை வேற என்னெண்டு சொல்றது?"

"இத ஒரு ரொத்துமாக்காரன் எங்கட குசினிக்குள்ள வந்து, நான் அவனுக்கிட்டக் கேட்டமாதிரி, கேட்டுக் கேட்டு எழுதுறான் எண்டு வைங்க. கொண்டுபோய் அவன்ட ஊர்ல பெட்டியில போடுறான். எங்களக் கொண்டுபோய் எங்க வைப்பான்? பாண் பறங்கிக்காரன் தந்தது, போஞ்சி ஒல்லாந்துக்காரன் தந்தது, தொதல் மலாய்க்காரன் தந்தது. அவனுகளுக்கு நடுவுல வைப்பான். தமிழ்ப் பெட்டிக்குக் கிட்டவும் வரமாட்டம்."

தாளை மறுபடியும் பார்த்தேன்.

"நாம பிழ விட்டுட்டம் டீச்சர். நான் கேட்டதெல்லாம் சாப்பாட்டுச் சொல்லு. சாப்பாடு கப்பல்ல வாறது. அது வரக்குள்ள அதுட பேரையும் கையோட கொண்டு வரும். ரொத்துமாக்காரன் சமோவாக்காரனுக்கிட்டயும் தொங்காக்காரனுக்கிட்டயும் சாப்பாட்டுச் சொல்ல வாங்கியிருப்பான். அத வெச்சுக்கிட்டு அவன் அவங்கட புள்ள எண்டு நாம எப்படிச் சொல்ற?"

உண்மையைச் சொல்கிறேன் நானா. நீங்கள் சொன்னது சரியென்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இருமுறை சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த அத்தியாயம் மட்டுமல்ல, எட்டு மாத வேலையும் சரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அச்சகக்காரர் காத்திருக்கிறார். ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அந்த ஆத்திரத்தை யார் மேல் கொட்டுவது? முன்னால் நின்றவர் நீங்கள்.

"இஞ்ச பாருங்கோ நானா, ஒரு குசினிக்காரன்ட சந்தேகத்துக்கு நான் புத்தகத்த நிப்பாட்டேலாது. சோறாக்கத் தெரிஞ்சா எல்லாம் தெரியுமோ?"

அதைச் சொன்னது இந்த வாய்தான். வேறு யாருடைய வாயும் அல்ல.

"ஓம் டீச்சர். சோறாக்கத்தான் தெரியும். அதாலதான் சொல்றன்" என்றீர்கள். சத்தம் உயரவில்லை. தொப்பியைத் தலையில் வைத்தீர்கள். குசினிப் பக்கம் திரும்பி, "வாறன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கலியாணப் பட்டியல் மேசையிலேயே கிடந்தது.

அடுத்த புதன் நீங்கள் வரவில்லை. தங்கச்சி இஞ்சியைத் தட்டிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த புதனும் வரவில்லை. மூன்றாவது புதன் அவள் தேத்தண்ணியை என் முன்னால் ணங்கென்று வைத்து, "நல்ல மனுசரை வாயால துரத்தியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அச்சகக்காரர் இரண்டு நாளைக்கு ஒருமுறை அழைத்து "டீச்சர், புரூஃப் எப்ப வரும்?" என்று கேட்பார். நாளைக்கு என்பேன். கையெழுத்துப் போட ஒவ்வொரு நாளும் பேனாவை எடுப்பேன். அந்த அத்தியாயத்தின் மேல் உங்கள் பெயர் இருக்கும். பேனாவை மூடிவிடுவேன். பிழையென்று நீங்களே சொன்ன ஒன்றை உங்கள் பெயரின் கீழ் அச்சடிக்க எனக்குத் துணிவு வரவில்லை. பஸ் ஏறி உங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்கவும் துணிவு வரவில்லை. துணிச்சல்காரி என்று பெயரெடுத்தவளின் இலட்சணம் இது.

நான்காவது புதன் கேற்றில் சத்தம். நீங்கள்தான். ஒன்றுமே நடவாதது போல உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேட்டுப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தீர்கள்.

"சட்டியில போட ஏலாத சொல்லு கொண்டு வந்திரிக்கன்" என்றீர்கள்.

"என்னது?" என்று மட்டும் கேட்டேன்.

அப்போதுதான் கதையைச் சொன்னீர்கள். உங்கள் கப்பலில் சாரங்காக, மேல்தட்டு வேலையாட்களுக்குத் தலைவராக இருந்த ரொத்துமாக்காரர் ஒருவர். உங்களோடு பதினொரு வருடம் ஒரே கப்பலில் இருந்தவர். இப்போது பீஜியில் மகனோடு இருக்கிறார். பழைய கப்பற்காரர் ஆறு பேரைப் பிடித்து விசாரித்து, பத்து நாளாக அலைந்து அவருடைய நம்பரை எடுத்திருக்கிறீர்கள். மகள் வீடியோவில் பேச வைத்திருக்கிறாள். நீங்கள் கண்ணைத் தொட்டுக் காட்ட, அவர் அங்கே தன் கண்ணைத் தொட்டுச் சொல்லைச் சொல்ல, பிறகு காது, பிறகு விரலை மடக்கி ஒன்று, இரண்டு, மூன்று.

"ரெண்டு கெழவனும் கண்ணையும் காதையும் புடிச்சிக்கிட்டு நிக்கிறதப் பாத்து மகள் சிரிச்ச சிரிப்பு!"

தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்றுக்குச் சமோவாவில் தொலு, ரொத்துமாவில் ஃபொலு. கண்ணுக்கு அங்கே மாத்தா, இங்கே மாஃபா. காதுக்கு அங்கே தலிங்கா, இங்கே ஃபலிங்கா. ஏழுக்கு அங்கே ஃபித்து, இங்கே ஹிஃபு. ஒன்று மாறினால் தற்செயல் என்று சொல்லலாம். அங்கே த வந்த இடத்தில் இங்கே ஃப என்று வரிசையாக எல்லாம் ஒரே மாதிரி மாறியிருந்தன. ரொத்துமா தன்னோடு பிறந்த சொற்களைத் தனக்கென்று ஒரு வழியில் மாற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு வந்து சேர்ந்த சொற்கள் அந்த மாற்றத்துக்குள் அகப்படவில்லை. உங்கள் முதல் கொப்பியின் முதல் வரி, அந்தப் புவாக்கா, தொங்காவிலும் ரொத்துமாவிலும் ஒரே மாதிரி, ஒரு கீறலும் இல்லாமல் வெளியில் இருந்து வந்த விருந்தாளி.

"சாரங்கு என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"நான் விசயத்தச் சொன்னன். அவருக்குச் சந்தோசம் தாங்கல்ல. நாங்க சமோவாக்காரன் இல்ல எண்டு வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்கிட்டு வாறன், ஒருத்தனும் நம்பல்ல, நீ சோறாக்கிக்கிட்டே கண்டுபுடிச்சிட்டாய் எண்டார்."

சோறாக்கிக்கொண்டே என்ற சொல் வந்ததும் நான் குனிந்துகொண்டேன். நீங்கள் கவனிக்காதது போலத் தேத்தண்ணியைக் குடித்தீர்கள். அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் நீங்கள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டீர்கள்; நானும் உங்கள் பின்னால் வந்துவிட்டேன்.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டு, அங்குள்ள நூலகத்தில் இருந்து சில பக்கங்களைப் பிரதி எடுத்து வரவழைத்தேன். அறிஞர்கள் எப்போதோ கண்டு முடித்துவிட்டிருந்தார்கள். ரொத்துமா பொலினீசிய வீட்டில் சேராது. அதன் கிட்டிய உறவு பீஜியின் மேற்குக் கரைப் பேச்சுகள்தான். பொலினீசியச் சொற்கள் பிறகு வந்து குவிந்தவை. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் முதலில் கண்டவர்கள் அல்லவே! உங்களுக்கு அந்த வருத்தம் இம்மியும் இல்லை. "அப்ப நாம சரி!" என்று மேசையில் தட்டினீர்கள். அவ்வளவுதான் உங்களுக்குத் தேவைப்பட்டது.

அத்தியாயத்தைத் திருப்பி எழுதி உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். அதைக் கேட்டு முடித்தபின்தான் நீங்கள் சொன்னீர்கள்.

"என்ட பேர எடுத்துருங்க டீச்சர். படத்தையும்."

"என்ன விசர்க் கதை நானா?"

"பேர் போட்டது கொப்பிக்கு. கொப்பி இப்ப இதுல இல்ல. இருக்கிற சொல்லெல்லாம் சாரங்கு தந்தது. அவர்ர பேரப் போடுங்க."

"கண்டுபிடிச்சது நீங்கள்தானே!"

"பிழயக் கண்டுபுடிச்சன். பிழ விட்டவனும் நான்தான். அதுக்கெல்லாம் பேர் போட்டா புத்தகம் தாங்காது."

நான் வாதாடினேன். ஆனால் எவ்வளவு வாதாடினேன்? இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு தரம் மறுத்துவிட்டு ஓம் என்றேன். உங்கள் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொன்ன அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. பெயர் இல்லாவிட்டால் அதுவும் மறந்துபோகும் என்று உள்ளுக்குள் ஒரு கள்ளி கணக்குப் போட்டாள். அந்தக் கள்ளியை நீங்கள் கண்டீர்களோ தெரியாது. கண்டிருப்பீர்கள்.

புத்தகம் வந்தது. சாரங்கின் பெயர் அதில் இருந்தது. ஒரு பிரதியை அவருக்கு அனுப்பி, அவருக்கு ஒரு எழுத்தும் விளங்காத தமிழில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று வீடியோவில் விரல் வைத்துக் காட்டினீர்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மகள் அழைத்தாள். நானும் தங்கச்சியும் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குள் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மகள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நீங்க வருத்தப்பட வேணாம். வாப்பா எல்லாம் சொன்னார்" என்றாள்.

"என்ன சொன்னார் பிள்ளை?"

"புத்தகம் வந்த நேரம் வாப்பாட பேர் எங்க, படம் எங்க எண்டு எல்லாரும் கேட்டாங்க. பக்கம் கூடிப் போச்சு, இடம் பத்தல்ல, டீச்சர் நல்லா வருத்தப்பட்டா, நான்தான் பரவாயில்ல எடுங்க எண்டு சொன்னன் எண்டு வாப்பா சொன்னார். உங்கள ஒருத்தரும் பிழயா நினைக்கக்கூடா எண்டு எங்களுக்கும் சொல்லி வெச்சார்."

நானா, உங்களுக்கு என்ன மனது! தெருவெல்லாம் கேட்ட கேள்விக்கு நீங்கள் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு கேள்விக்குறியைக்கூட விட்டுக்கொடாத மனிதர், என்னைக் காப்பாற்றுவதற்காக இடமில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்தப் பிள்ளையின் தோளில் சாய்ந்து அழுதேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆறுதல் சொல்லப் போனவளின் சீர் அது.

பிறகு பல மாதம் நான் ஒன்றும் எழுதவில்லை. மகள்தான் ஒருநாள் ஏழு கொப்பிகளையும் கொண்டுவந்து தந்தாள். "இது உங்களுக்கிட்ட இருக்கட்டும்" என்றாள். மெல்ல மெல்ல வாசிக்கத் தொடங்கினேன். இந்தமுறை சொற்களை விட்டுவிட்டு, சொற்களுக்குப் பக்கத்தில் நீங்கள் எழுதிவைத்ததை வாசித்தேன். இந்தச் சொல்லைச் சமோவாக்காரர் சொன்னார், ரொத்துமாச் சாரங்கும் இதையே சொல்கிறார், இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். இந்தக் கிழங்குப் பெயரைத் தொங்காக்காரரிடம் பீஜிக்காரர் பழகிக்கொண்டார், நான் பார்த்துக்கொண்டிருக்க. பக்கத்துக்குப் பக்கம் அப்படி.

நாங்கள் அந்தக் கொப்பிகளிடம் தவறான கேள்வியைக் கேட்டிருக்கிறோம் நானா. யார் யாருக்குப் பிறந்தவர் என்று கேட்டோம். அது அவற்றுக்குத் தெரியாது. யார் யாரோடு இருந்து சாப்பிட்டார் என்று கேட்டிருந்தால் ஒவ்வொரு வரியும் பதில் சொல்லியிருக்கும். எந்தத் தீவுக்காரர் எந்தத் தீவின் அடுப்படிக்குப் போனார், எதைச் சுவைத்தார், எதன் பெயரைக் கையோடு கொண்டு வந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கலியாணப் பட்டியலைப் போல. எங்கள் குசினிக்குள் யாரெல்லாம் வந்து போனார்கள் என்று அந்தத் தாள் சொல்லவில்லையா?

இரண்டாம் பதிப்புக்கு அச்சகக்காரர் கேட்டிருக்கிறார். புதிதாக ஒரு அத்தியாயம் எழுதி முடித்துவிட்டேன். கடன்பட்ட சொற்களைப் பற்றியது. முழுக்க முழுக்க உங்கள் கொப்பிகள்தான் ஆதாரம். அதன் தலைப்பின் கீழ் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன், முழுப்பெயர், வாப்பாவின் பெயரோடு. முன்பக்கத்தில் படம். போன ஞாயிறு குறிஞ்சாக்கேணிக்குப் போய் மகளிடம் காட்டினேன். நான் உங்களுக்குச் சொன்ன சொல்லையும் மறைக்காமல் சொன்னேன். "வாப்பா இதச் சொல்லவே இல்லையே" என்றாள். பிறகு புரூஃபில் உங்கள் பெயரைத் தடவிப் பார்த்து, ஓர் எழுத்து விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்துத் தந்தாள். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை. இந்தமுறை கொப்பிகளிடம் கேட்ட கேள்வி சரி நானா. பெயரை எடுக்கச் சொல்ல உங்களிடம் நியாயம் எதுவும் கிடையாது.

அன்றைக்குச் சொன்னதற்கு என்னை மன்னியுங்கள். மூன்று புதன் வராமல் இருந்துவிட்டு நான்காவது புதன் வந்ததற்கு நன்றி. இப்போதெல்லாம் ஏதாவது ஒன்றை உறுதியாக எழுத வரும்போது கை தானாக நிற்கிறது. கேள்விக்குறி போடுகிறேன், முன்னைப்போல் வலிக்கவில்லை.

இன்னொன்று. என் அம்மா வீட்டில் அண்ணன் என்றால் அண்ணன்தான், யாரும் யாரையும் உங்கள் ஆட்கள் சொல்வதுபோல நானா என்று கூப்பிட்டதில்லை. கடைத்தெருவில் எல்லாரையும்போல நானும் கூப்பிட்டிருப்பேன். வீட்டுக்குள், சொந்தக்காரரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டது உங்களை மட்டும்தான். அறுபது தாண்டிய பிறகு என் வாய்க்கு வந்து சேர்ந்த சொல் அது, என்னோடு பிறந்ததல்ல. கூப்பிட ஆள் இல்லாமல் போய் ஒன்றரை வருடம். அது இன்னும் போகவில்லை.